சிவப்பா, மஞ்சளா

நான் யாரையும் கேட்காமல் எதையும் செய்கிறவன் அல்ல, ஐயா. ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்குவதென்றால்கூட மனைவியிடம் நிறம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவேன்.

ஒரே ஒருமுறை கேட்காமல் செய்தேன். எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் மென்பொருளை நானே உட்கார்ந்து எழுதினேன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எழுதப்போனால், அது குழந்தையின் மனைவி பெயரைக் கேட்டது. சொல்லாவிட்டால் அடுத்த பக்கம் போக மறுத்தது. தலைமை மருத்துவர் என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நியாயமான கேள்விதானே.

புதிய மென்பொருளை மருத்துவர்களைக் கேட்டே செய்வதென்று கூட்டம் போட்டேன். வந்தவர்கள் நாற்காலி சூடாகுமுன் எழுந்து போனார்கள். நோயாளி காத்திருக்கிறாராம். எப்போது கூப்பிட்டாலும் இதே சாக்கு.

அதனால் நேற்றுக் காலை டாக்டர்கள், நர்ஸ்கள் அத்தனை பேரையும் மாடியிலுள்ள கூட்ட அறைக்கு வரவழைத்தேன். நர்ஸ்களை விட்டுவிட்டால் பாதிக் கருத்துதான் கிடைக்கும். கவனம் சிதறக் கூடாதென்று போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, கதவை வெளியிலிருந்து பூட்டினேன். உள்ளே தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் அல்ல. வாசலில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வாத மருந்துக்கான எச்சரிக்கை சிவப்பிலா, மஞ்சளிலா என்பது முதல் பேச்சு. இதய மருத்துவர் சிவப்பு என்றார். தோல் மருத்துவர் மஞ்சளை விட்டு இறங்கவில்லை.

அப்போது கீழ்த்தளத்திலிருந்து மனைவி போன் செய்தாள். குடலிறக்க அறுவைக்காகச் சேர்த்திருந்த என் மாமனாருக்கு அவள்தான் துணை.

"ஏங்க, அப்பா நெஞ்ச அடைக்குதுன்றாரு. வேர்த்துக் கொட்டுது. இங்க ஒரு டாக்டர் இல்ல, ஒரு சிஸ்டர் இல்ல. எல்லாரும் எங்கங்க போனாங்க?"

"மீட்டிங்ல இருக்காங்கம்மா. நல்ல காரியத்துக்குத்தான்."

"ஹார்ட் டாக்டர மட்டுமாவது அனுப்புங்க!"

அவரை அனுப்பினால் மஞ்சள் கட்சி ஜெயித்துவிடும். மாமனார் என்றால் எனக்கு உயிர், ஐயா. பெண் கொடுத்தவர் என்ற தோரணையே இல்லாமல் என்னைப் பெற்ற பிள்ளைபோல நடத்தினார். ஆனால் சொந்தக்காரருக்காக விதியை வளைத்தால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்?

மனைவி மாடியேறி ஓடிவந்து, "அப்பாவுக்கு மூச்சே வரல" என்று கதவை இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளிருந்தும் அடித்தார்கள். இவ்வளவு ஆர்வத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை. அதற்குள் கீழே மாமனார் போய்விட்டார். நான் அழுதேன். அதை மறைக்க மாட்டேன்.

சிவப்பையும் மஞ்சளையும் மறந்து, தலைமை மருத்துவரிலிருந்து புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வரை, எல்லாரும் ஒரே குரலில் கதவைத் திறக்கச் சொன்னார்கள். மருத்துவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் ஒருமித்த கருத்து அதுதான். மென்பொருளின் அடுத்த பதிப்பில் கட்டாயம் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன்.