மூணு விரல் இறக்கம்

— டார்ச்சைக் கீழ காட்டுங்க சார். என் மூஞ்சிக்கு எதுக்கு வெளிச்சம்?

— சார்னு கூப்பிடாத மாப்ள.

— கடைக்கு வர்றவங்க எல்லாரும் எனக்கு சார்தான். அக்கா உயிரோட இருந்த வரைக்கும் உங்களை மாமான்னு கூப்பிட்டேன். அது முடிஞ்சு ஒரு வருஷமாச்சு.

— சரி, உன் இஷ்டம். ஆனா வண்டியை இப்போ திறக்க வேணாம். பழைய இரும்புக்காரர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வந்து தூக்கிட்டுப் போயிடுவார். கையெழுத்துப் போடத்தான் வந்தேன்.

— இரும்புக்கு எதுக்குப் போடணும்? பதினெட்டு வருஷக் கார்தான், ஆனா இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. கதவை டிங்கர் நிமித்திட்டார். சாயங்காலம் ஒருத்தர் பாக்க வர்றார். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. முன்னாடி இடது பக்கம் ஏன் இப்படி உக்காந்திருக்கு, காரணத்தைச் சொல்லுங்க, எடுத்துக்கிறேன்னார். எனக்குப் பதில் தெரியல. என் கடையில நிக்கிற வண்டி ஏன் சாஞ்சிருக்குன்னு எனக்கே தெரியலன்னா நான் எதுக்கு ஸ்பேனரைப் பிடிக்கணும், சொல்லுங்க.

— மரத்துல மோதுன வண்டி. அதான் காரணம்.

— அதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கையை வெச்சுப் பாருங்க. வலது பக்கம் நாலு விரல் தாராளமாப் போகுது. இந்தப் பக்கம்?

— ஒண்ணு.

— மூணு விரல் இறக்கம். சும்மா வராது.

— மாப்ள, நான் வேற ஒண்ணு பேசணும்னு வந்தேன். இந்த மாசக் கடைசியில எனக்கு டிரான்ஸ்பர். போற ஊர்ல வீடு பாத்துட்டேன். ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு. பாப்பாவைக் கூட்டிட்டுப் போறதைப் பத்தி அத்தைகிட்ட கேட்டியா?

— கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— சொல்ல என்ன இருக்கு? என் பொண்ணு போதாதுன்னு அவ பொண்ணையும் தூங்கிட்டே ஓட்டிக் கொண்டுபோய் மோதணுமான்னாங்க. பானெட்டை அமுக்கிப் பிடிங்க. நல்லா, உடம்பு பாரத்தைப் போட்டு. இப்போ விடுங்க. எத்தனை தடவை ஆடுச்சு?

— ஒரு தடவை. உடனே நின்னுடுச்சு.

— பாத்தீங்களா, ஷாக் அப்சார்பர் நல்லாத்தான் இருக்கு. அது போயிருந்தா வண்டி தொட்டில் மாதிரி ஆடும். சாயாது. வண்டியைத் தாங்கி நிக்கிறது ஸ்பிரிங்.

— நீ என்ன சொன்னே அத்தைகிட்ட?

— நான் என்ன சொல்ல? அம்மா சொல்றது சரின்னுதான் சொன்னேன். வாரத்துல ஒரு நாள் வாசல்ல வந்து ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போறீங்களே, அதுவே பெருசு.

— அது எட்டு வயசுக் குழந்தை மாப்ள. போன வாரம் கேட்டிலேயே நிக்குது, உள்ளயும் போகாம வெளியேயும் வராம. அப்பா, நீ நிஜமாவே தூங்கிட்டியான்னு கேக்குது.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆமான்னேன்.

— அப்புறம் என்ன? நானே பேசக் கூடாதுன்னு பாத்தா நீங்க விட மாட்டீங்க. தூங்கினதைக் கூட நான் மன்னிச்சிருப்பேன். மனுஷனுக்குக் கண்ணு அசரும். ஆனா நீங்க பேச்சை மாத்தினீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. முதல் நாள் ஆஸ்பத்திரியில வண்டி இடது பக்கம் இழுத்துச்சு, இழுத்துச்சுன்னு அழுதீங்க. மூணாம் நாள், அக்கா போனதுக்கு அப்புறம், நான் தூங்கிட்டேன்னீங்க. ரெண்டுல எது நிஜம்? உங்களைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது.

— தெரியும்.

— தெரிஞ்சா சரி. ஜாக்கியை அந்த மடிப்புக்குக் கீழ வைங்க. மெதுவா பம்ப் பண்ணுங்க. போதும். ஸ்டாண்டைத் தள்ளுங்க உள்ள.

— மாப்ள, நான் சொல்றதைக் கேளு. வர்றவர்கிட்ட மோதின வண்டின்னு சொல்லிடலாம். எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டிப் போகட்டும். இதைத் திறந்து என்ன ஆகப் போகுது?

— என் வேலையை எனக்குச் சொல்லித் தராதீங்க. நான் உங்க ஆபீஸ்ல வந்து ஃபைல் புரட்டுறேனா? மரம் எங்க அடிச்சது? கதவுல. அக்கா உக்காந்திருந்த இடத்துல. டிங்கர் ஒரு வாரம் தட்டினது அந்தக் கதவைத்தான். இங்க பாருங்க, மட்கார்டுல பெயின்ட் கூடப் போகல. வீலைப் பிடிச்சிருக்கிற இந்த இரும்புக் கை நேரா இருக்கு. அன்னிக்கு மாட்டியிருந்த வீல்ல டயர் வெடிச்சதோட சரி, ரிம் நெளியல. வீல் பக்கம் அடியே படல. அடி படாத இடம் ஏன் இறங்கணும்?

— எனக்கென்ன தெரியும்.

— அதுவும் நானே தூக்கிவிட்ட பக்கம். நீங்க ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் அக்கா வந்து நின்னா. வேகத்தடையில ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில இடிக்குதுடா, ஏதாவது பண்ணுன்னா. புது ஸ்பிரிங் வர ரெண்டு நாள் ஆகும்னேன். நாளைக்கே கிளம்பணும்டான்னு நச்சரிச்சா. பத்து நிமிஷத்துல தூக்கிக் குடுத்தேன். டீ கூட ஆறல, அதுக்குள்ள முடிச்சுட்டியேன்னு சிரிச்சா. ரெண்டு விரல் ஏறி அழகா நின்னுச்சு வண்டி. அதான் சொல்றேன், இது இறங்கியிருக்கவே கூடாது.

— எனக்குத் தண்ணி வேணும்.

— பானை அங்க இருக்கு. குடிச்சுட்டு வந்து டார்ச்சைப் பிடிங்க. வீலைக் கழட்டிட்டேன். ம். அடடா.

— என்ன?

— ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கு. அடிச் சுத்து, ஒரு சாண் நீளம் அப்படியே விட்டுடுச்சு. முனை வெளிய நீட்டிட்டு நிக்குது, பாருங்க. கத்தி மாதிரி இருக்கு.

— மோதின வேகத்துல ஒடஞ்சிருக்கும்.

— இருக்கலாம். வெடிச்ச வீல் மூலையில கிடக்கு. உருட்டிட்டு வாங்க.

— எதுக்கு மாப்ள அதெல்லாம்.

— நீங்க நகருங்க, நானே எடுத்துக்கிறேன். இப்படித் திருப்பிப் போட்டு, உள்பக்கம் வெளிச்சம் காட்டுங்க. இன்னும் கிட்ட.

— காட்டிட்டுத்தானே இருக்கேன்.

— சுத்தி வந்திருக்கு.

— என்ன சுத்தி?

— கீறல். ஒரு இடத்துல குத்திக் கிழிச்சிருந்தா மோதினப்போ ஆனதுன்னு சொல்லலாம். இது டயரை முழுசாச் சுத்தி வளையமா வந்திருக்கு. அப்படி வரணும்னா வீல் சுத்திட்டு இருந்திருக்கணும். வண்டி ஓடிட்டு இருக்கும்போதே ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கு. முனை வந்து டயர்ல உரசியிருக்கு, அறுத்திருக்கு. அப்புறம்தான் டயர் வெடிச்சிருக்கு. முன்னாடி இடது டயர் வெடிச்சா வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்?

— விடு மாப்ள.

— இடது பக்கம். நீங்க முதல் நாள் சொன்னதுதான். வண்டி இழுத்துச்சு. மெக்கானிக் நான். ஒரு வருஷமா இந்த வண்டி என் கடைக்குப் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள கிடந்துச்சு, நான் ஒரு தடவை குனிஞ்சு பாக்கல. பரிசோதிக்க வந்த அதிகாரியும் பாக்கல. பிரேக்கை மிதிச்சுப் பாத்துட்டுப் போயிட்டார். ஓட்டினவரே தூங்கிட்டேன்னு எழுதிக் குடுத்த பிறகு யார் பாப்பாங்க? நீங்க அன்னிக்கு முழிச்சுட்டுத்தான் இருந்தீங்க, இல்ல?

— அசந்திருப்பேன். ஞாபகம் இல்ல.

— முழிச்சிருந்தவருக்கு ஞாபகம் இல்லாம போகுமா? சரி, அதை விடுங்க. அம்மாகிட்ட நான் பேசுறேன். இந்த டயரையே தூக்கிட்டுப் போய்க் காட்டுறேன். அவங்களுக்கு வண்டி தெரியாட்டியும் கீறல் தெரியும்ல? பாப்பாவை நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் பேசினதெல்லாம், வந்து, அதுக்கு நான் அப்புறம் உங்க காலைப் பிடிக்கிறேன். முதல்ல இது முடியட்டும்.

— அத்தைகிட்ட சொல்லாத.

— ஏன்?

— சொல்லாதன்னா சொல்லாத. நான் டிரான்ஸ்பரை வேணாம்னு எழுதிக் குடுத்துடுறேன். வாசல்லயே வந்து பாத்துக்கிறேன். இரும்புக்காரரை இப்பவே வரச் சொல்றேன்.

— உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒரு வருஷமாப் பழி சுமந்துட்டு இருக்கீங்க, இறக்கி வைங்கன்னா வேணாங்கிறீங்க. டார்ச்சைக் குடுங்க இங்க. நான் இன்னும் முடிக்கல. ஸ்பிரிங் ஏன் ஒடஞ்சதுன்னு வேணும்ல, அம்மா கேட்டா என்ன சொல்றது?

— பழசு. பதினெட்டு வருஷம்னு நீதானே சொன்னே.

— பழசானா தளரும். இப்படிப் பட்டுன்னு ஒடையாது. துரு தின்னு ஒடஞ்சா அந்த இடம் மெலிஞ்சு போயிருக்கும். இது முழுத் தடிமன்ல ஒடஞ்சிருக்கு. ஒடஞ்ச இடத்தை ஒட்டி ஏதோ அழுத்தின தடம் இருக்கு, பாருங்க, பளபளன்னு. ஏதோ ஒண்ணு இங்க இறுக்கி உக்காந்திருக்கு. ஸ்பிரிங் ஒவ்வொரு சுத்தும் அசையணும் சார், அப்பதான் பாரம் பிரியும். ஒரு சுத்தை அசைய விடாம அடைச்சு வெச்சா, அந்த அடைப்பு முடியுற ஓரத்துல மொத்தப் பாரமும் விழும். எவனாவது எதையாவது இங்க...

— மாப்ள, வெளிய வா. போதும்.

— மேல் சுத்துல ஒண்ணு இன்னும் இருக்கு. ரப்பர் கட்டை. லாரி டயர்ல அறுத்தது.

— வெளிய வா.

— செம்புக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. மூணு முறுக்கு, முனையை உள்ள மடிச்சு. இந்தக் கட்டு நான் கட்டுறது. இந்த ஊர்ல வேற எவனும் இப்படிக் கட்ட மாட்டான்.

— தலையை இடிச்சுக்காத. மெதுவா வா. இந்தா, இப்படி உக்காரு.

— பத்து நிமிஷத்துல தூக்கிக் குடுத்தேன்னு பெருமையடிச்சேனே. இப்பக் கூட அடிச்சேன். ஸ்பிரிங் இறங்கிடுச்சுன்னு யார் வந்தாலும் இந்த ரப்பரை அறுத்து வெச்சுக் கட்டிடுவேன். ஊர்ல எத்தனை வண்டி அப்படி ஓடுதோ. எனக்கு ஒண்ணும் ஓடல. அக்கா சிரிச்சுட்டே போனா.

— தண்ணி குடி.

— நான் போட்டது ரெண்டு. நல்லா ஞாபகம் இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல இருக்கிறது இது. கீழ இருந்தது ஒடஞ்ச துண்டோட விழுந்திருக்கும். வண்டிக்குள்ள இல்ல, இங்க தரையிலயும் இல்ல. இன்னொண்ணு எங்க?

— இப்போ எதுக்கு அது?

— இன்னொண்ணு எங்க மாமா?

— வீட்டுல. உங்க அக்கா துணி அடுக்குக்கு அடியில. ரெண்டாம் நாள் அவ செருப்பைத் தேடி அந்த இடத்துக்குப் போனேன்ல. செருப்பு கிடைக்கல. மரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ரோட்டோரத்துல அது கிடந்துச்சு.

— கம்பியைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— தெரிஞ்சுது.

— தெரிஞ்சேவா தூங்கிட்டேன்னு சொன்னீங்க? நான் உங்களை என்னெல்லாம் பேசியிருக்கேன். துக்க வீட்டுலயே வெளிய போடான்னேன். பாப்பாவைப் பிரிச்சு வெச்சேன். ஒரு வார்த்தை, என்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா. ஏன் சொல்லல?

— மூணாம் நாள் அத்தை, யாரால என் பொண்ணு போனான்னு என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டாங்க. கீழ விழுந்துடாம இருக்க, இன்னொரு கையால உன்னைத்தான் பிடிச்சுட்டு நின்னாங்க மாப்ள.