பூட்டுக்கம்பி

வீட்டை இடிப்பது பெரிய வேலையில்லை சார். இடித்ததை எங்கே கொட்டுவது என்பதுதான் தலைவலி. எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை இடித்தபோது கான்கிரீட் துண்டுகள் இடுப்பளவு குவிந்துவிட்டன. இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு அதை லாரியில் அள்ளிவிட மனசு வருமா? உடைத்து ஜல்லியாக்கினால் புதுத் தரைக்கே ஆகுமே என்று தோன்றியது.

மெஷின் செய்து முடிக்க நான்கு மாதம் பிடித்தது. இரண்டு தடித்த இரும்புத் தகடுகள். ஒன்று அசையாது, மற்றது தாடை மாதிரி வந்து வந்து கல்லை மெல்லும். அதை ஓட்ட ஒரு மோட்டார், வேகம் குறையாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம். முதல் துண்டைப் போட்டதும் கடக்முடக்கென்று மென்று, கீழே ஜல்லியாகத் துப்பியது. என் மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "துணி காயப்போட்டிருக்கேன், தூசி பறக்காம பாத்துக்கங்க" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

அவள் தம்பி கட்டட இன்ஜினியர். சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். நான்கு மாதமும், "மாமா, பழைய இரும்புக்கடை வெக்கப் போறீங்களா?" என்று சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். மெஷின் ஓடத் தொடங்கியதும் அவன் பேச்சு மாறியது. ஞாயிற்றுக்கிழமையானால் யாரையாவது கூட்டிவந்து, "நம்ம டிசைன்" என்பான். ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் முன்னால் என் தோளில் கைபோட்டு, "வெல்டிங் வேலையெல்லாம் மாமாதான் பாத்துக்கிட்டாரு" என்றான். அந்த மனிதர் என்னைப் பார்த்து, நாற்காலி தூக்கிப்போட்ட ஆளுக்கு ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டினார். நான் அவருக்கு டீ கொடுத்தேன்.

உங்களுக்கும் விளங்காது என்பதால் எளிதாகவே சொல்கிறேன். தாடையில் கல் சிக்கினால் மெஷின் நின்றுவிடும். மோட்டாரை அணைத்தால் போதும் என்று விவரமில்லாதவர்கள் நினைப்பார்கள். சக்கரத்தில் ஒரு பக்கம் கனம் அதிகம். அந்தப் பக்கம் மேலே நின்றிருந்தால், சிக்கிய கல்லை அசைத்த மறு நொடி அது தானாகக் கீழே சுற்றும், தாடை மூடும். அதற்காகவே சக்கரத்தில் துளைபோட்டு ஒரு பூட்டுக்கம்பி செய்திருந்தேன். அதைச் சொருகிவிட்டால் யானை இழுத்தாலும் அசையாது.

அன்று காலை பத்து மணிக்கு அவன் இரண்டு பேரோடு வந்தான். நான் குவியலில் தேடி, உள்ளே முறுக்குக்கம்பி இருக்கிற பீம் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டேன். சிக்கியது. சக்கரம் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. பூட்டிவிட்டு நானே துண்டை எடுத்தேன். இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே. மூன்றாவதில்தான் சரியாக நின்றது. மோட்டாரை அணைத்தேன். வரிசையாக மூன்று துண்டு சிக்குகிறதே என்றுகூட அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. வந்தவர்கள் முன்னால் மானம் போகிறதே என்ற கவலைதான்.

"தள்ளுங்க மாமா, நான் பாக்கறேன்" என்று சட்டைக்கையை மடித்தான். பிறகு, "பூட்டியாச்சா?" என்றான். கேட்கவாவது தெரிந்திருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"ஆச்சு மாப்ள" என்றேன்.

பூட்டுக்கம்பி என் முதுகுக்குப் பின்னால் என் கையில் இருந்தது. அவன் ஒரு தடவை சக்கரத்தைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

வலது கை, மணிக்கட்டு வரை. வந்தவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார், இன்னொருவர் தெருவுக்கு ஓடினார். சக்கரத்தைப் பின்னால் சுற்றிக் கையை விடுவித்ததும், தோள்துண்டால் இறுக்கிக் கட்டியதும் நான்தான். அங்கே நிதானமாக இருந்தது நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் உங்களிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "மாமா மேல தப்பில்ல சார். அவரு பூட்டித்தான் வெச்சிருந்தாரு. மெஷின்லதான் ஏதோ கோளாறு." என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைக் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு. மூளை அந்த அளவுதான்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். தெருவில் எல்லாரும், "வீட்ல செஞ்ச மெஷின்னா இப்படித்தான்" என்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலும் 'தரமற்ற தயாரிப்பு, பூட்டு பழுது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பூட்டில் பழுது எதுவும் இல்லை சார். கம்பியை நான் சொருகவில்லை. அந்தக் கை போகவேண்டும் என்றுதான் மூன்று துண்டையும் தேடி எடுத்துப் போட்டேன். முதலில் அந்தப் 'பூட்டு பழுது' என்ற வரியை அடித்து நீக்குங்கள். மற்றதை அப்புறம் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.