பாலத்துக்கு இருபத்தாறு நிமிடம்

சைக்கிள் சங்கிலிக்குச் சனிக்கிழமை சாயங்காலமே எண்ணெய் விட்டுவிட வேண்டும். ஞாயிறு காலை அவசரத்தில் விட்டால் உள்ளே இறங்காது, காலெல்லாம் கரிதான் மிஞ்சும். நான் எதையும் முந்தின நாளே செய்துவைக்கிறவன். முன்கூட்டியே திட்டமிட்டதா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். திட்டமிட்டிருந்தால் இதைவிட ஒழுங்காகச் செய்திருப்பேன்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. தண்ணீர் வராதவர்கள், கலங்கலாக வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறதே என்று வயிறெரிகிறவர்கள், எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். கத்துகிறவரை உட்காரவைத்து, "சொல்லுங்க" என்று கேட்க என்னை விட்டால் ஆளில்லை என்பது மேலதிகாரியின் எண்ணம். மூன்று தடவை வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். "உங்களை எடுத்துட்டா அந்த சீட்ல யாரை உக்கார வைக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றார். என்னிடமே கேட்டால் நான் என்ன சொல்வது?

வீட்டில் மாமனார். பக்கவாதம் வந்து படுத்து நான்கு வருடம். பேச்சு போய்விட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். என் மனைவி ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். அவரைத் தூக்கி உட்காரவைப்பது, ஊட்டுவது, துடைத்துவிடுவது எல்லாம் என் பொறுப்பு. என் கையால் கொடுத்தால்தான் வாயைத் திறப்பார் என்று மனைவி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாள். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று என்னைப் பார்த்துச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு விடுமுறையான நாளில், காலை ஐந்தரையிலிருந்து பத்து வரை என்னை விட்டால் போதும் என்றிருந்தேன்.

அந்த நேரத்தில் சைக்கிள் ஓட்டப் போகிற கூட்டம் எங்களுடையது, ஒன்பது பேர். டைல்ஸ் கடை வைத்திருப்பவர்தான் தலைவர், கேப்டன் என்று கூப்பிடுவோம். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போவோம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நம் முன்சக்கரத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. முன்னவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் வருகிறவர்களுக்குப் பாரம் குறையும். சில நிமிடங்களில் அவர் ஒதுங்கி வழிவிட, அடுத்தவர் முன்னால் வருவார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு சாணை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அப்போது கவுண்ட்டர் இல்லை, மாமனார் இல்லை, பெயர் கூட இல்லை. நான் அவ்வளவு சந்தோஷமாக வேறு எங்கும் இருந்ததில்லை.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது பின்தங்கினால் கடைசியில் வருகிறவர் அவரோடு நின்று கூட்டிவர வேண்டும். அவருக்கு வால் என்று பெயர். பிரிவுச் சாலையில் எல்லோரும் நிற்பார்கள். வால் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டதாக அர்த்தம், தலையை எண்ண மாட்டார்கள். முதலில் முறைவைத்துத்தான் வாலாக இருந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வாத்தியார் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர். என்னைவிட எட்டு வயது சின்னவர், நல்ல மனிதர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் மேடு வந்தால் மெதுவாகத்தான் உருட்டுவார். முதல் வாரமே கேப்டன் என் தோளைத் தட்டி, "நீங்க பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் அந்தப் பொறுமை" என்றார். அதற்கப்புறம் முறை என்பதே இல்லை. நானே நிரந்தர வால்.

மூன்று வருடம் நான் அவர் பின்னாலேயே போனேன். பையனுக்குப் பல் கோணலாக முளைத்தது, தலைமை ஆசிரியர் விடுப்பு தர மறுத்தது, மொட்டைமாடி ஒழுகியது, எல்லாம் எனக்குத் தெரியும். முன்னால் ஏழு பேர் புள்ளியாகி மறைவதை அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன். கொஞ்சம் பயிற்சி செய்தால் வேகம் வரும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன அவசரம்ண்ணே?" என்றார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்கள். அவர் பிடுங்கவில்லை, மடம் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டார்.

கேப்டனிடம் முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். சிரித்தார். பிறகு, இனி வரவில்லை, முழங்கால் வலி என்று தகவல் அனுப்பினேன். அன்று மாலையே வாத்தியார் மனைவியோடு பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணன் வரலைன்னா நானும் நிறுத்திடறேன் அண்ணி. அவர் தைரியத்துலதான் போறேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். அவர்கள் போனதும் மனைவி, "பாவங்க அவரு. வாரத்துல ஒரு நாள்தானே, கூடப் போய்ட்டு வாங்களேன்" என்றாள். அது என்னுடைய ஒரு நாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வாலாகக் கிளம்பினேன்.

இனி அந்த ஞாயிறு. காற்று நல்ல வாகாக வீசியது. பிரிவுச் சாலையிலிருந்து பெரிய பாலம் வரை பதினெட்டு கிலோமீட்டர் சமதளம், ஒரு வளைவு கிடையாது. அங்கேதான் எல்லோரும் முழு வேகத்தில் போவார்கள். முதுகுக்குப் பின்னால் அப்படிக் காற்று கிடைப்பது வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான். பிரிவுக்கு முன்னால் நீர்த்தேக்கத்து மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டும். ஏற்றத்திலேயே மற்றவர்கள் போய்விட்டார்கள். உச்சியில் வாத்தியார் தண்ணீர் குடித்துவிட்டு, மைத்துனர் நிலம் வாங்கிய கதையை ஆரம்பித்தார்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக, "கொஞ்சம் மிதிங்க வாத்தியாரே, காத்திருக்காங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "சாரிண்ணே" என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் விட்டார் பாருங்கள், அப்படி ஒரு வேகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது வளைவில் சரளைக்கல் கிடந்தது. சைக்கிள் சாலையிலேயே விழுந்தது, அவர் தடுப்புக்கல்லைத் தாண்டிக் கீழே போய்விட்டார். ஏழு இருபது இருக்கும்.

இரண்டு ஆள் ஆழம், கீழே புதர். நான் இறங்கிப் போனேன். ஒரு கால் தொடையில் திரும்பியிருந்தது. நினைவு நன்றாக இருந்தது. அவருடைய போன் நொறுங்கிப்போயிருந்தது. என் போனில் அந்த வளைவில் சிக்னல் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். ஹெல்மெட் வாரைத் தளர்த்திவிட்டேன். "பாத்தீங்களாண்ணே, இன்னிக்கி எவ்ளோ வேகமா வந்தேன்" என்றார். பார்த்தேன் என்றேன். "நீங்க போய் ஆள் கூட்டிட்டு வாங்க. நீங்க வேகமாப் போவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். நான் மேலே ஏறினேன். அவர் சைக்கிள் சாலையில் கிடந்தது. விலை கூடிய சைக்கிள், ஒன்றரை வருடம் பணம் சேர்த்து வாங்கியது, யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அதையும் தடுப்புக்கல்லுக்கு அந்தப் பக்கம் புதருக்குள் இறக்கிவைத்தேன்.

அப்புறம் மிதித்தேன். ஆள் கூட்டிவரத்தான் மிதித்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை, காலில் பாரமே இல்லை. அவரை அப்படி விட்டுவந்த மனிதனுக்கு அந்த மகிழ்ச்சி வந்திருக்கக் கூடாது. வந்தது.

பிரிவில் ஏழு பேரும் பெடலில் கால் வைத்துத் தயாராக நின்றார்கள். "வால் வந்தாச்சு, கிளம்பலாம்" என்றார் கேப்டன். யாரோ, "வாத்தியார் எங்க?" என்றார்கள். என் போனில் சிக்னல் நான்கு கோடு காட்டியது, அதைப் பார்த்தேன். சொன்னால் அந்தக் காற்று போய்விடும். அடுத்த வாரம் வாத்தியார் கட்டிலில் இருப்பார், நான் பக்கத்தில் நாற்காலியில் இருப்பேன், என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? "ட்யூப் போச்சு. பழைய ரோடு வழியா வீட்டுக்குத் திரும்பிட்டார்" என்றேன். பாலத்துக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்திருந்தேன். அரை மணி நேரத்தில் தொடை எலும்பு ஒன்றும் ஆகிவிடாது.

பாலத்தை நான்தான் முதலில் தொட்டேன். இருபத்தாறு நிமிடம் நான்கு வினாடி. கேப்டன் இறங்கிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இத்தனை நாளா இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போது, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியிருந்தது. ஒவ்வொரு மணிக்கும் வாசல் ஒன்று மூடிக்கொண்டே வந்தது, நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அவருக்காக அல்ல, எனக்காகத்தான் பயந்தேன்.

பதினொன்றரைக்கு வாத்தியாரின் மனைவி போனில் கூப்பிட்டாள். பழைய சாலையில் திரும்பினார் என்றே சொன்னேன். அவள் தம்பி காரை எடுத்துவந்தார், நானும் ஏறிக்கொண்டேன். மூன்றரை மணி வரை பழைய சாலையில் ஒவ்வொரு கடையாக இறங்கி விசாரித்தோம். நான்தான் அதிகம் இறங்கினேன். அவர்கள் வீட்டு வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கூட இருந்திருந்தா விட்டிருக்க மாட்டீங்கண்ணே. அவர்தான் அவசரப்பட்டுத் தனியாத் திரும்பிட்டார்" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

நான்கு மணிக்கு மாமனாருக்குப் பால் கொடுக்க வேண்டும், அதனால் வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, நடந்தது முழுவதையும் அவரிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, அவர் யாரிடமும் சொல்ல முடியாதவர். கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். நான்கு வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறக்க மாட்டேன் என்று இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் கோபப்படவில்லை. துடைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே காத்திருந்தேன். இருட்டுவதற்குள் குடித்துவிட்டார். வாத்தியார் ஆறு மணி வரை உயிரோடு இருந்திருப்பார் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். சைக்கிளில் ஒரு சின்னக் கருவி இருக்கும். எந்த வழியில், எந்த வேகத்தில் போனோம், எங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று எல்லாம் அதில் பதிவாகும். வீட்டுக்கு வந்து அதை ஏற்றினால் கூட்டத்தில் எல்லோரும் பார்க்கலாம். அன்று இரவு படுக்கப் போகுமுன் நான் ஏற்றினேன். ஏற்றாமல் இருந்திருந்தால் பாலம் வரைக்குமான அந்த நேரம் கணக்கில் சேராது. முதலில் பாராட்டியது கேப்டன்தான். செவ்வாய்க்கிழமை குழாய் சரிபார்க்கப் போன எங்கள் அலுவலக ஆட்கள் வாத்தியாரைப் பார்த்த பிறகு, அதே பதிவை மறுபடி திறந்து, மூன்றாவது வளைவில் நான் பதினொரு நிமிடம் நின்றிருந்ததை உங்களிடம் காட்டியதும் அவர்தான். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தே விட்டுவந்தேன். நாள் முழுவதும் தெரிந்தே இருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். வழக்கு முடிந்ததும் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். பாலம் வரைக்கும் இன்னும் என் நேரம்தான் முதலில் இருக்கிறது. யாருக்கும் எந்தக் கஷ்டமும் கொடுக்காமல் எனக்கென்று நான் செய்துகொண்டது, இந்த வாழ்க்கையில் அது ஒன்றுதான்.