மாறன் ஓடையைத் தாண்டலாமா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரைக் கொட்டாவி விடாமல் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை சார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கீழே கலைமணியின் உரக்கடை, மேலே தகரக்கூரை போட்ட அறை. பூச்சிமருந்து வாடை படியேறி வரும். அந்த அறையில் அவர்களை இரண்டு வருஷம் கட்டிப்போட்டு வைத்திருந்தேன் என்றால், அது சும்மா வந்ததில்லை.

மேசையில் பிளாஸ்டிக் தாயக்கட்டைகளைப் பார்த்துவிட்டுச் சூதாட்டம் என்று நினைத்தீர்கள். தப்பில்லை. ஆனால் இது கதை விளையாட்டு. ஆளுக்கு ஒரு வேஷம். எதிரே கோட்டை, வாசலில் பூதம், என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று கட்டையை உருட்டித் தீர்மானிப்போம். பெங்களூரில் கற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமே வந்துவிட்டேன். வாரம் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை கம்ப்யூட்டர்தான். ஞாயிறு ஒன்றுதான் எனக்கு நாள்.

விதிப்புத்தகம் இருக்கிறது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றால் ஒருத்தரும் மறுவாரம் வரமாட்டார்கள். சட்டை தைக்கிறவர் ஆளைப் பார்த்துத்தானே துணியை வெட்டுகிறார். கலைமணிக்கு அடிதடி வேண்டும். அவனுக்குப் பேச்சைக் குறைத்தேன், வாளை வீசினால் உடனே தலை விழும். தேன்மொழிக்கு ரத்தமே ஆகாது. சித்தேரி மலைப்பெண், அரூரில் செல்போன் கடையில் வேலை, வாயாலேயே எதையும் சாதிப்பாள். அவள் நியாயமாகப் பேசினால் கட்டையே உருட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒருமுறை பாலத்தை மறித்த பூதத்துக்குக் களி கிண்டிப் போட்டு, அதைத் தூங்கவைத்துவிட்டுப் போனாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

பூவரசன்தான் ஒட்டாமல் இருந்தான். மரவள்ளி போடுகிற குடும்பம், நல்ல பையன். மாறன் என்ற காவல்காரன் வேஷம் அவனுக்கு. ஆனால் கட்டையைத் தொட்டாலே முகம் சுண்டிவிடும்.

"பிளாஸ்டிக்குக்கு என்னங்கண்ணா தெரியும்?" என்றான்.

நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் பூக் கேட்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அவன் வீட்டில் போர்வெல் போடவும் பூ, மாடு வாங்கவும் பூ. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அவனுக்கு மட்டும் கட்டையை எடுத்துவிட்டு, ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் கொண்டுவந்தேன். அன்றைக்குத்தான் மாறனுக்கு உயிர் வந்தது.

ஒருதரம் கதை ருசிக்க வேண்டும் என்று இரண்டிலும் வெள்ளையை மடித்தேன். ஆட்டம் நடத்துகிறவர்கள் கட்டையை மறைத்து உருட்டி, விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. யாருக்கும் நஷ்டமில்லை. பூவரசன் குழந்தை மாதிரி கைதட்டினான்.

அப்புறம் அவன் மாறன் பேரைச் சொல்லித் தன் காரியங்களைக் கேட்க ஆரம்பித்தான். மாறன் ஓசூர் கம்பெனி வேலையில் சேரலாமா என்றான். வெள்ளை வந்தது. அது நேர்மையாக மடித்த பொட்டலம் சார். அதில்தான் எனக்கு வருத்தம். அடுத்து, மாறன் தேன்மொழியைக் கட்டலாமா என்று அவளை வைத்துக்கொண்டே கேட்டான். அதற்கும் வெள்ளை. அவள் அப்பா, வருகிற ஞாயிறு பொழுது சாயும் முன்னால் வந்து பேசச் சொல்லியிருந்தார். பேசி முடித்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் இரண்டு பேரும் ஓசூர். மிஞ்சுவது கலைமணி. அவனை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன கதை சொல்வது? எனக்குப் பூவரசன் மேல் கோபம் ஏதும் இல்லை. சந்தோஷமாக இரு என்றுதான் சொன்னேன்.

அந்த ஞாயிறு மலையில் நல்ல மழை. தேன்மொழி மலைமேல் தன் வீட்டில் இருந்தாள். அங்கே போக ஓடைத் தரைப்பாலத்தைத் தாண்ட வேண்டும். கலைமணி வெளியே போனவன் போன் செய்தான்.

"மோகண்ணா, தரைப்பாலத்து மேல தண்ணி போவுதுங்க. டிப்பர் லாரியே திரும்பிடுச்சு. பூவரசன் வந்தான்னா வுடாதீங்க, புடிச்சு உக்கார வையுங்க."

சரி என்றேன்.

பூவரசன் புதுச்சட்டையும் பழப்பையுமாக வந்தான். உட்காரவில்லை.

"தண்ணி வருதுன்றாங்கண்ணா. சுத்திப் போனா இருட்டிடும், அவங்கப்பா ஒரு மாதிரி நெனப்பாரு. மாறன் ஓடையத் தாண்டலாமான்னு பூப் போடுங்க."

கொல்லையில் போய் இரண்டு வகைப் பூவும் பறித்தேன். மடித்துக் கிண்ணத்தில் போட்டேன். கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். வெள்ளை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினான்.

அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தரைப்பாலம் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவன் தண்ணீர் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். நான் கையைத் தூக்கினேன். போ என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. மற்றது உங்களுக்கே தெரியும், உடலைக் கரையேற்றியது நீங்கள்தானே.

அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போல மேசையைத் துடைத்துக் கட்டைகளை எடுத்து வைத்தேன். மாறனின் கதைக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும் இல்லையா? கலைமணி வரவில்லை. தேன்மொழி வந்தாள். அழுது அழுது குரலே போயிருந்தது. கிண்ணத்தில் கிடந்த மிச்சப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். அதைத் தொடக்கூடாது என்று சொன்னேன்.

"எங்கூட்ல ரெண்டையும் பிரிச்சுக் காட்டிடுவாங்கண்ணா. இல்லாட்டி யாரும் ஒத்துக்கமாட்டாங்க."

பிரித்தாள். பூ காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. ஆனாலும் நந்தியாவட்டைக்கும் அரளிக்கும் மலைக்காரிக்கு வித்தியாசம் தெரியாதா?

"அரளி எங்கண்ணா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. அன்றைக்கு என் சட்டைப்பையில் இருந்தது என்று சொன்னேன். அவள் படியிறங்கி நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

தண்ணீர் வருவது தெரிந்தும், திரும்பிப் பார்த்தவனை ஏன் ஒரு குரல் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். காலையிலிருந்து இதையேதான் கேட்கிறீர்கள். ஆடுகிறவன் முடிவெடுத்துவிட்டால், நடத்துகிறவன் குறுக்கே விழுந்து தடுக்கக்கூடாது சார். எத்தனையோ விதிகளை அவர்களுக்காக மாற்றியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் நான் யாருக்காகவும் மாற்றியதே இல்லை.