லேபிள் வெட்டிய டிரைவ்

கம்ப்யூட்டரில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி டிரைவ் வாங்குவதும் பனியன் வாங்குவதும் ஒன்றுதான். தொட்டுப் பார்த்தால் தெரியாது, துவைத்த பிறகுதான் தெரியும். இதைக் காதர்பேட்டை பனியன் சந்தையில் முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளலாம்.

என் பெயர் வேல்குமார். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் மொத்த வியாபாரம். வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சிய துணி உள்ளூருக்கு வரும்போது கம்பெனிக்காரன் கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டிவிடுவான். பெயர் தெரியக் கூடாதாம். அதனால் எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறவர்கள் சட்டையைப் பிரித்ததும் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். லேபிள் முழுசாக இருந்தால் முகம் சுளிப்பார்கள், பாதி இருந்தால் பையைத் திறப்பார்கள். முழு லேபிளைவிட அரை லேபிளை நம்புகிற ஜனம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. நான் உள்ளூரில் தைத்த சட்டைக்கு ஒரு வெளிநாட்டு லேபிளைத் தைக்கச் சொல்லி, பிறகு அதைப் பாதியாக வெட்டச் சொல்வேன். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாற ஆசைப்பட்டு பஸ் ஏறி வருகிறவனை வெறுங்கையோடு அனுப்புவதுதான் பாவம் என்பது என் கட்சி.

எனக்கு ஒரே மகள், அபிராமி. அவள் படித்தது ஜவுளி வடிவமைப்பு. ஆனால் பிடித்தது வீடியோ கேம் செய்வது. விளையாடுவது இல்லை, செய்வது. அதற்காகப் பழைய கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக் கடை நஜீமுதீன் மகன் அர்ஹம், பிரிண்டிங் யூனிட்டில் டிசைனராக இருக்கிறான், அவன்தான் பார்த்துச் சொன்னான். கண்ணாடிப் பக்கம் வழியாக உள்ளே நீல விளக்கு எரியும். உறவினர்கள் வந்து பார்த்துவிட்டு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுக்கும் அப்பனை இந்தப் பக்கம் பார்த்ததில்லை என்றார்கள். உண்மைதான், நானும் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஒரு கேம் செய்தாள். ஒருநாள் பால் டம்ளரோடு போய் அவள் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் ஒரு பனியன் கடை. கல்லாவில் தொப்பையோடு ஒரு ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் கத்தரி. வாடிக்கையாளர் வாசலுக்கு வருவதற்குள் எத்தனை லேபிளை வெட்டுகிறானோ அத்தனை புள்ளி. ஒவ்வொரு வெட்டுக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எக்ஸ்போர்ட் பீஸுங்க, நம்பி வாங்குங்க" என்பான்.

என் மனைவி விஜயராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏனுங்க, அச்சு அசல் நீங்களேதானுங்க. அந்தச் செருமலக்கூட விடல பாருங்க" என்றாள்.

நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அர்ஹமும் அவன் நண்பர்களும் வந்து விளையாடிவிட்டு என்னைத் தெருவில் பார்க்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு வணக்கம் வைத்தார்கள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் உள்ள ஒரு கேம் கம்பெனி அவளுக்கு எழுதியது. அந்தக் கடைக்காரன்தான் இந்தக் கேமின் உயிர், நேர்காணலில் மொத்தத்தையும் திறந்து காட்டு, பிடித்திருந்தால் வேலை, கேமையும் நாங்களே வெளியிடுகிறோம் என்று. அதாவது இந்தியா முழுக்க, வெளிநாட்டிலும்கூட, அந்தத் தொப்பைக்காரன் செருமுவான். என்னிடம் சரக்கு எடுக்கும் வடக்கத்தி வியாபாரிகளின் பிள்ளைகள் விளையாடிவிட்டு அப்பனிடம் காட்டுவார்கள். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், பெங்களூரில் வயசுப் பிள்ளை தனியாக இருப்பது எப்படி, அங்கே தண்ணீர்ப் பஞ்சமாமே என்பதுதான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் நல்ல அப்பன் என்று பேர் எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தையில் அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

அவளே வழி காட்டினாள். பழைய கம்ப்யூட்டர், உள்ளே இருந்ததோ சுற்றுகிற வகைப் பழைய டிஸ்க். கேமைத் திறந்தால் குளித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். "நேர்காணல்ல அவங்க முன்னால இது இப்படி முக்கிட்டிருந்தா நல்லாவாங்ப்பா இருக்கும்? ஒரு எஸ்எஸ்டி போட்டா போதுமுங்ப்பா" என்றாள். நானே பார்த்து வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு எஸ்எஸ்டி பற்றிப் படித்தேன். அர்ஹமைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு வகை, அதிவேகம், ஆனால் அதைச் செருக இந்தப் பழைய போர்டில் இடமே இல்லை. இன்னொன்று தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போல, பழைய டிஸ்க்கின் வயரிலேயே மாட்டலாம். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் நமக்கு அது போதும் என்றான். விலை மலிந்த சிலதில் எழுத எழுத வேகம் படுத்துவிடும், உள்ளே தனியாக ஒரு சின்ன நினைவகம் வைத்த நல்ல கம்பெனிப் பொருள்தான் எடுக்க வேண்டும், உத்தரவாதம் எத்தனை வருடம் என்று பார்க்க வேண்டும் என்றான். பொறுமையான பையன். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அருமையான பொருள். யாராவது கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். அபிராமியின் கண்முன்னாலேயே போனில் ஆர்டர் போட்டேன். கடைக்குப் போய் அதை ரத்து செய்தேன்.

வடக்கே இருந்து என்னிடம் சரக்கு எடுக்க வரும் ஒரு வியாபாரி இருக்கிறார். பனியனோடு கம்ப்யூட்டர் சாமானும் விற்பார். முன்பு ஒருமுறை டீ குடிக்கும்போது பையிலிருந்து ஒரு எஸ்எஸ்டியை எடுத்துக் காட்டி, தொழில் ரகசியத்தைச் சொன்னார். வெளியே பெரிய டப்பா. உள்ளே விரல் நகம் அளவு சரக்கு. கம்ப்யூட்டரிடம் மட்டும் தன்னை இரண்டு டெராபைட் என்று சொல்லிக்கொள்ளும். முதலில் எழுதுகிற கொஞ்சம் நிஜமாகவே இருக்கும். அதற்குப் பிறகு எழுதுகிறதெல்லாம் பெயர் மட்டும் பதிவாகும். ஃபைல் பெயர் இருக்கும், அளவு இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. காலர் மட்டும் காட்டன், உடம்பு முழுக்க பாலியஸ்டர். சக வியாபாரி என்ற முறையில் எனக்கு மரியாதை வந்தது.

அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மொட்டையாக இருந்தது, ஸ்டிக்கர் எதுவும் இல்லை. நாங்கள் ஆர்டர் போட்டோமே அந்தக் கம்பெனியின் பெயரை எங்கள் லேபிள் அச்சுக்காரரிடம் கொடுத்து ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். பிறகு கத்தரியால் பாதியை வெட்டி உரித்தேன். முழு ஸ்டிக்கர் இருந்திருந்தால் அர்ஹம் நம்பர் பார்த்துக் கண்டுபிடித்திருப்பான். பாதிக்கு யார் நம்பர் கேட்பார்கள்?

ஆர்டர் தாமதம், நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிக்கொண்டே போய், நேர்காணலுக்கு முந்தைய நாள் காலையில் அதை அவள் கையில் வைத்தேன். கம்பெனியில் கிடைக்கவில்லை கண்ணு, இது அதே கம்பெனியின் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று சொன்னேன். அவள் வெட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். பிறந்ததிலிருந்து அரை லேபிள் சட்டை போட்டு வளர்ந்த பிள்ளை. கேமில் என்னை அப்படிக் கிழித்தவளுக்கு, அந்த ஒரு நிமிடம், தன் கேமே நினைவுக்கு வரவில்லை. "அப்ப ஒரிஜினல்தானுங்ளே" என்றாள்.

அர்ஹமுக்குத்தான் திருப்தி இல்லை. "அங்கிள், சட்டை வேறீங்க, இது வேறீங்க. டிரைவ்ல சர்ப்ளஸுன்னு நான் கேள்விப்பட்டதே இல்லீங்க. ஒரு டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டு மாட்டறேனுங்க" என்றான்.

நான் கோபப்படவில்லை. டம்ளரில் இருந்த டீயை ஒரு வாய் குடித்தேன். பிறகு, "ஓட்டுங்க சாமி. அப்பன் வாங்கியாந்த பொருள டெஸ்ட் பண்ணித்தான் எடுக்கணும்னு எம் பொண்ணுக்குத் தோணுனா, தாராளமா ஓட்டுங்க" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அபிராமி என் முகத்தைப் பார்த்தாள். "டெஸ்டெல்லாம் வேண்டாம் அர்ஹம், மாட்டு" என்றாள். பிள்ளைகள் இப்படிப் பாசமாக வளர்வது எல்லார் வீட்டிலும் நடப்பதில்லை.

மீதி எல்லாம் சில்லறை விஷயம். பழைய டிஸ்க்கை மாற்றாகக் கொடுத்தால்தான் இந்த விலை, வியாபாரி சாயங்காலம் ரயில் ஏறுகிறார் என்றேன். பெண் பிள்ளையின் போட்டோக்கள் இருக்கும், சுத்தமாக அழித்துவிட்டுக் கொடு தம்பி என்று அர்ஹமிடம் நான்தான் ஞாபகப்படுத்தினேன். பொறுப்புள்ள அப்பன் வேறென்ன சொல்வான்? எதற்கும் ஒரு பிரதி நெட்டில் ஏற்றி வைக்கலாம் என்றான். அந்த மாதம்தான் வீட்டு நெட்டை மலிவான திட்டத்துக்கு மாற்றியிருந்தேன், அதில் இவ்வளவையும் ஏற்ற நாள்கணக்காகும். சிக்கனம் தேவைதானே. பழையதில் இருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றிவிட்டுப் பழையதை அழிக்கும் வேலையை அவன் முடிக்கும் வரை அபிராமியை அழைத்துக்கொண்டு போய் நேர்காணலுக்குப் புதுச் சுடிதார் எடுத்துக் கொடுத்தேன். நல்ல முழு லேபிள் போட்ட சுடிதார்.

திரும்பி வந்து பட்டனை அழுத்தினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது. எல்லா ஃபோல்டரும் பெயர் மாறாமல் வரிசையாக இருந்தது. அளவும் சரியாக இருந்தது என்று அர்ஹம் காட்டினான். கேமின் முதல் கட்டம் சட்டென்று திறந்தது, கடைக்காரன் செருமினான். அவள் கைதட்டினாள். மீதியையும் திறக்கப் போனவளை, பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைப் புரட்டக் கூடாது கண்ணு, போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்றேன். போனாள்.

மறுநாள் நேர்காணலில் நடந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவர்கள் மிகவும் மரியாதையானவர்கள். இரண்டாவது கட்டத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறக்கவில்லை. மூன்றாவது, நான்காவது. பெயர்கள் எல்லாம் இருந்தன. அவள் குரல் முதலில் வேகமாக இருந்தது, பிறகு மெதுவாயிற்று, பிறகு நின்றுவிட்டது. ஒரு பிரதி எங்காவது வைத்திருப்பீர்களே என்று அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டாள். அபிராமி இல்லை என்று தலையை ஆட்டினாள். புதுச் சுடிதாரின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர்கள் எழுதவே இல்லை.

விஜயராணி அர்ஹமைப் பேசாத பேச்சில்லை. மாட்டியவன் அவன், அழித்தவன் அவன். அவனும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்தான், டெஸ்ட் ஓட்டியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். எனக்கு அவன் மேல் வருத்தமே இல்லை. நஜீமுதீனைக் கூப்பிட்டு, பையனை மன்னித்துவிட்டேன் என்று நானே சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதம் அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கடைக்கு வந்து என்னோடு உட்கார்ந்தாள், பில் போட்டாள். இந்தியும் நன்றாகப் பேசுவாள். ஒரு பிள்ளைக்கு அப்பன் பக்கத்தில் இருப்பதைவிட என்ன வேண்டும்? அவ்வளவுதான் நடந்தது. செய்தது நான்தான், தெரிந்தே செய்தேன், அவளுடைய நல்லதற்குச் செய்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

போன வாரம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "கேம மறுபடியும் மொதல்ல இருந்து செய்யப் போறேனுங்ப்பா. பெங்களூர்ல இல்லாட்டி வேற எடம்" என்றாள்.

வேறு கதை செய்யலாமே, சாமி கதை, விவசாயக் கதை என்று எத்தனையோ இருக்கிறதே என்றேன்.

"இல்லீங்ப்பா. அந்தக் கடைக்காரர் இல்லாம எனக்குக் கேமே இல்லீங்க. அவரச் செய்யறப்பதான் எனக்குச் சந்தோசமா இருக்கு" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவையும் நீங்களே ஒரு நல்ல டிரைவ் பாத்து வாங்கிக் குடுங்ப்பா. அர்ஹம் பேச்செல்லாம் நான் கேக்க மாட்டேன்."

அந்தச் செருமலை விடமாட்டாள் போலிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. சரி கண்ணு என்றேன். அன்றைக்கே வடக்கத்தி வியாபாரிக்குப் போன் போட்டு, அதே போல் இன்னொன்று, இந்த முறை நாலு டெராபைட் என்று சொன்னேன். எந்த எதிரிக்கு என்று கேட்டார். என் மகளுக்கு என்றேன். அவர் போன் வைக்கும் வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேமால் எனக்குக் கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். கோபத்தில் செய்கிறவனாக இருந்தால் ஒரு தடவையோடு நிறுத்தியிருக்க மாட்டேனா, சொல்லுங்கள்.