வியாழக்கிழமை விரிப்பு

எனக்குப் படுக்கை விரிக்க நன்றாக வரும், ஐயா. வேறு எதுவும் வராது. அதனால் இந்த வாக்குமூலத்தில் படுக்கையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வேலாயுதம். மலாயாவில், மேரு ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர்த் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் வார்டு ஆள். அதற்கு முன்னால், 1933 வரைக்கும், ஒன்பது வருஷம் துரை பங்களாவில் வேலைக்காரன். துரைசானி அம்மாள்தான் படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுத்தார். துணியை நாலு பக்கமும் இழுத்து மெத்தைக்கு அடியில் செருகி, மூலையை மடித்தால் கடித உறை மாதிரி நிற்க வேண்டும். மூன்று மாதம் திட்டு வாங்கிக் கற்றேன்.

அம்மாள் சீமைக்குக் கப்பலேறியதும் என்னை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நோயாளி என்றால் எனக்கு அருவருப்பு. ஆனால் பன்னிரண்டு கட்டில்கள் காலியாக வரிசை பிடித்து நின்ற வார்டைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்துபோயிற்று. அதில் ஆட்களையும் படுக்கவைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கிள்ளான் டவுனிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் காரில் வருவார். பல தோட்டங்கள் பார்க்க வேண்டியவர். நடையை நிறுத்தாமல் ஒரு சுற்று சுற்றுவார். கட்டில்களைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "வெரி குட்" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த வியாழன்வரை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நான் நடந்த நடை இருக்கிறதே, அதற்கே என்னைப் பிடித்து உள்ளே போட்டிருக்கலாம். "ஏன், டாக்டரு உன்னைய மருமகனா எடுத்துக்கப் போறாராக்கும்?" என்று என் சம்சாரம் தெய்வானை கேட்பாள். நான் வெள்ளைச் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொள்வேன். பெரிய மனிதர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்களா?

தொல்லை கொடுத்தவர்கள் நெஞ்சு அடைத்து வருகிறவர்கள். மழைக்காலத்தில் நிமோனியா என்று வந்துகொண்டே இருப்பார்கள். டிரஸ்ஸர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் வராத ஆறு நாளும் மருந்து, ஊசி எல்லாம் அவர்தான். "நெஞ்சு அடைச்சவனைப் படுக்க விடாதையும். இருத்தி வையும். படுத்தால் மூச்சு எடுக்க ஏலாது" என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். சரி என்பேன். ஆறு நாள் கேட்கவும் செய்வேன். ஆளை உட்காரவைத்தால் விரிப்பு என்ன கதி ஆகும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பக்கிரிசாமி பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவன். முப்பது வயது இருக்கும். மூன்றாவது கட்டில். அவன் பெண்சாதி நல்லம்மாள் மண்ணெண்ணெய் டின் வரும் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கட்டில்மேல் அவனுக்கு முன்னால் வைத்து, அதன்மேல் தலையணை போட்டு, அவனைக் கவிழ்ந்து சாய்ந்துகொள்ளச் செய்தாள். பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அவன் மூச்சு வாங்குவான். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். பெட்டியின் எண்ணெய்க் கறை என் விரிப்பில் இறங்கியது. புதன்கிழமை அரை டம்ளர் கஞ்சி குடித்தான். "இன்னும் ரெண்டு நாள் இப்பிடியே தாண்டினால் ஆள் தப்பிடுவான்" என்றார் டிரஸ்ஸர். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை டிரஸ்ஸர் ஒரு பிரசவத்துக்காக லயத்துக்குப் போயிருந்தார். ஒன்பதரை மணிக்கு மூன்றாவது கட்டிலுக்குப் போனேன்.

"டாக்டர் வர்ற நேரம். கொஞ்சம் வெளிய இரும்மா."

"அண்ணே, பெட்டிய மட்டும் எடுத்துடாதீங்க. படுத்தா அவருக்கு மூச்சு வராது."

"எனக்குத் தெரியாதா? அரை மணி நேரந்தானே. டாக்டர் கார் போற வரைக்கும் உள்ள வரக்கூடாது. போ."

போனாள். வெள்ளைச் சட்டையில் ஐந்து பித்தானும் போட்ட ஆள் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

பெட்டியை எடுத்தேன். அவனை மல்லாக்கப் படுக்கவைத்தேன். மேல்விரிப்பைக் கழுத்துவரை இழுத்து இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகினேன். அன்றைக்கு மூலைகள் அருமையாக அமைந்தன. இந்த இடத்தில்கூட அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

பத்தாயிற்று. டாக்டரைக் காணோம். மழையில் பாதை கெட்டுப்போய்க் கார் மாட்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். பக்கிரிசாமி, "அண்ணே, தூக்கி விடுங்கண்ணே" என்றான். "இந்தா வந்துருவாரு" என்றேன். மறுபடியும் கேட்டான். அப்புறம் கேட்பதற்கு அவனிடம் மூச்சு இல்லை. உதடு நீலம் பாரித்தது. ஒரு கையை எப்படியோ உருவி வெளியே எடுத்து விரிப்பைப் பிடித்துக் கசக்கினான். அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்துச் செருகினேன். மூன்று தடவை எடுத்தான். மூன்று தடவை செருகினேன்.

டாக்டர் பதினொன்றேகாலுக்கு வந்தார். மூன்றாவது கட்டில் முன்னால் ஒரு நொடி நின்றார். தூங்குகிறான் என்றேன். "வெரி குட்" என்றார். பக்கிரிசாமி செத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கார் போனதும் நல்லம்மாள் ஓடிவந்தாள். முதலில் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் நான் தள்ளிவைத்திருந்த பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்து, அவனை உட்காரவைக்கப் பார்த்தாள். சரிந்து சரிந்து விழுந்தான். "கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். பிடித்தேன். வேறென்ன செய்ய.

தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு, ஐயா. ஆனால் போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஏழாவது கட்டில் கிழவர் ரெங்கசாமியையும் இப்படித்தான் படுக்கவைத்தேன். அவரும் எழுந்திருக்கவில்லை. வயசான கட்டை, வேளை வந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று ராத்திரி சோறும் இறங்கியது. ஆகையால் பக்கிரிசாமிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவன் கை நாலாவது தடவை வெளியே வராமல் நின்றுபோனபோது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாடா, இனிமேல் கசங்காது என்று தோன்றியது.