முதல் பங்கு

அன்று காலை சமையலறையில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மகன் மினிக், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி அவியாயா, எங்கள் வடதுருவக் கரை ஊருக்கு டென்மார்க்கிலிருந்து வந்த செவிலி இங்கர். காபி நன்றாக இருந்தது.

"உன் ரத்தத்துல பாதரசம் முன்னைவிடக் கூடியிருக்கு," என்றாள் இங்கர். "திமிங்கிலமும் சீல் ஈரலும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஒளிச்சு வச்சுத் திங்கிறியாம்மா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர். கடைக் கோழியும், மாமா வைக்கிற சூப்பும்தான்."

"அப்ப கோழி நீந்திப் போய்த் திமிங்கிலத்தைத் தின்னுச்சா?"

மினிக் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். நான் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டேன்.

எங்கோ உள்ள தொழிற்சாலைகளின் நஞ்சு எங்கள் விலங்குகளில் சேர்கிறதாம். எவனோ புகைவிட, என் இறைச்சிக்குக் கெட்ட பெயர். பிடித்த திமிங்கிலத்தின் முதல் பங்கு வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என்பது எங்கள் முறை. அந்தப் பங்கை என் மருமகளே கரையில், ஊரார் முன்னால் திருப்பிக் கொடுத்தாள். "மன்னிச்சுக்குங்க மாமா, பிள்ளைக்கு ஆகாதாம்." மறுநாள் இன்னும் இரண்டு வீடுகள் வேண்டாம் என்றன.

அதனால்தான் சூப்பு வைத்தேன். அவள் தலைநகரான நூக்கில் வளர்ந்த பெண், வேட்டை இறைச்சியின் ருசி பிரித்தறியத் தெரியாது. நிலத்தில் மேயும் கஸ்தூரி எருதின் சாறு என்றேன், நம்பினாள். அதில் திமிங்கிலத்தின் ஈரலை அரைத்துக் கலந்தேன். கொழுத்த விலங்குக்கு நோய் இல்லை என்பது வேட்டைக்காரனுக்குத் தெரியும். ஆகவே இருந்ததிலேயே கொழுத்த, வயதான ஆணாகப் பார்த்து எடுத்தேன்.

வயது ஏற ஏற விலங்கில் நஞ்சும் ஏறும் என்று இங்கர் அந்தக் காலையில்தான் சொன்னாள். அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் ரத்தத்தில் பாதரசம் இறங்கும். சூப்பு நின்றதும் இறங்கினால், குற்றம் என் இறைச்சியுடையதுதான் என்று ஆகிவிடும்.

பேரனுக்கு இப்போது மூன்று வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். இதனால்தான் என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அவியாயா திருட்டுத்தனமாகத் தின்றாள் என்றே மினிக் இத்தனை நாளும் நம்பினான். நானும் மறுத்துப் பேசவில்லை.

போன வாரம் பேரனுக்காக ஈரல் அரைத்துக்கொண்டிருந்ததை அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டாள். அவள் புகார் கொடுத்தாள், போலீஸ் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அரைத்தவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நாய்களுக்குப் போட்டு மீந்த ஈரலை அவளுக்குக் கொடுத்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பிள்ளை பிறந்த நாள்வரை முதல் துண்டு அவளுக்குத்தான்.